மொழியின் எச்சம்

ஸ்பெயின் நாட்டில் ஓர் இல்லம். மாலை வேளை. தாய் சமையலறையில் இரவு உணவுக்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறாள். அடுத்த அறையில் கண்ணாடி நொறுங்கும் ஓசை எழுகிறது. பின்னர்ச் சற்று நேரம் அமைதி நிலவுகிறது. நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மெல்ல நடந்து வந்து வாயிற்படியில் நிற்கிறான். அவன் முகத்தில் அச்சம் குடிகொண்டிருக்கிறது. எனினும் அவன் எதனையும் மறைக்கவில்லை. "அம்மா, ஏ ரொம்பீதோ எல் வாஸோ" என்கிறான். "நான் குவளையை உடைத்துவிட்டேன்" என்பது அதன் பொருள்.

தாய் அவனை உற்று நோக்குகிறாள். அவன் கைகளில் காயம் ஏதும் இல்லை என்பதைக் கண்டு ஆறுதல் அடைகிறாள். "ரொம்பீதோ என்று சொல்லக் கூடாது, கண்ணே! ரோத்தோ என்று சொல்ல வேண்டும்" என்கிறாள்.

ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையன்று இது. ஸ்பானிய மொழி ஏறத்தாழ 50 கோடி மக்களுக்குத் தாய்மொழி. அம்மொழி வழங்கும் நாடுகளில், சிறு குழந்தைகள் உள்ள வீடுதோறும் இத்தகைய பேச்சு என்றேனும் ஒருநாள் நிகழ்ந்தே தீரும். இதில் வியப்பு ஒன்று அடங்கியிருக்கிறது. அவ்வீட்டில் எவரும் 'ரொம்பீதோ' என்று கூறியதில்லை. தந்தை கூறியதில்லை, தாய் கூறியதில்லை, பாட்டியும் கூறியதில்லை. அவர்கள் அனைவரும் 'ரோத்தோ' என்றே வழங்குவர். அங்ஙனமாயின், பெரியோர் வாயில் ஒருநாளும் வாராத சொல் அச்சிறுவனின் நாவுக்கு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர், அம்மொழியின் இலக்கணத்தையும் வரலாற்றையும் ஒருசேரக் காண்பர்.

ஸ்பானிய மொழியின் வினைச்சொற்கள் மூன்று குடும்பங்களாகப் பகுக்கப்படும். அகராதியில் 'ஆர்' என்று முடியும் வினைகள் ஒரு குடும்பம். 'ஏர்' என்று முடிவன மற்றொன்று. 'ஈர்' என்று முடிவன மூன்றாவது. 'அமார்' என்றால் அன்பு செய்தல். 'கொமேர்' என்றால் உண்ணுதல். 'தொர்மீர்' என்றால் உறங்குதல். இவற்றிலிருந்து இறந்தகால எச்சத்தை ஆக்கும் முறை மிக எளிது. முதற்குடும்பத்தில் இறுதியிலுள்ள 'ஆர்' என்பதை நீக்கி 'ஆதோ' என்பதைச் சேர்த்தல் வேண்டும். ஏனைய இரண்டிலும் இறுதியை நீக்கி 'ஈதோ' என்பதைச் சேர்த்தல் வேண்டும். இவ்வாறு 'அமாதோ', 'கொமீதோ', 'தொர்மீதோ' என்னும் எச்சங்கள் பிறக்கின்றன. பல்லாயிரம் வினைகளுக்கு இந்த ஒரு விதியே போதுமானது.

தமிழில் பெயரெச்சம் வேறு, வினையெச்சம் வேறு. 'உடைந்த குவளை' என்னுமிடத்து எச்சம் பெயரைக் கொண்டு முடிகிறது. 'உண்டு இருக்கிறேன்' என்னுமிடத்து அது வினையைக் கொண்டு முடிகிறது. ஸ்பானிய எச்சமோ தான் ஒன்றாகவே நின்று இவ்விரு பணிகளையும் ஆற்றுகிறது. பெயரோடு சேரும்போது அது பெயரின் பாலையும் எண்ணையும் தழுவிக்கொள்ளும். அம்மொழியில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. குவளை ஆண்பால், ஆதலின் உடைந்த குவளை 'ரோத்தோ' எனப்படும். சாளரம் பெண்பால், ஆதலின் உடைந்த சாளரம் 'ரோத்தா' எனப்படும். பலவாயின் 'ரோத்தோஸ்' என்றும் 'ரோத்தாஸ்' என்றும் வரும். ஆனால், 'அபேர்' என்னும் துணைவினையோடு சேர்ந்து நிற்கும்போது எச்சம் சிறிதும் மாறுவதில்லை. உண்டவர் ஆடவராயினும் மகளிராயினும், உண்ட கனி ஒன்றாயினும் நூறாயினும், 'கொமீதோ' என்பது 'கொமீதோ' என்றே நிற்கும். சிறுவன் கூறிய தொடரின் முதலில் உள்ள 'ஏ' என்பது அந்தத் துணைவினையின் தன்மை ஒருமை வடிவமே.

ஒரே சொல் ஓரிடத்தில் வளைந்து கொடுத்தலும் மற்றோரிடத்தில் வளையாது நிற்றலும் ஏன்? இதற்கு விடை இலத்தீன் மொழியில் இருக்கிறது. கி.மு. 218ஆம் ஆண்டில் உரோமானியப் படைகள் ஸ்பெயின் மண்ணில் வந்து இறங்கின. அவர்களுடன் வந்த இலத்தீன் மொழியே காலப்போக்கில் மக்கள் நாவில் உருமாறி ஸ்பானிய மொழியாயிற்று. 'அபேர்' என்பதன் மூலச்சொல் இலத்தீனில் 'உடைத்தாயிருத்தல்' என்னும் பொருளுடையது. 'எழுதப்பட்ட கடிதங்களை உடையேன்' என்பது போன்ற தொடர்கள் அக்காலத்தில் வழங்கின. அங்கே 'எழுதப்பட்ட' என்னும் எச்சம் கடிதங்களைச் சார்ந்து, அவற்றின் பாலையும் எண்ணையும் ஏற்றது. நாளடைவில், உடையேன் என்ற பொருள் தேய்ந்து, எழுதி முடித்தேன் என்ற பொருளே மேலோங்கியது. எச்சம் கடிதத்தை விட்டு நீங்கி வினையோடு ஒட்டிக்கொண்டது. பழங்கால ஸ்பானிய நூல்களில் அது செயப்படுபொருளுக்கு ஏற்ப மாறி வருதலை இன்றும் காணலாம். பிற்காலத்தில் அவ்வழக்கு ஒழிந்தது.

பழைய பொருள் முற்றும் அழிந்துவிடவும் இல்லை. உடைமைப் பொருளை இக்காலத்தில் உணர்த்துவது 'தெனேர்' என்னும் வேறொரு வினை. அதனோடு சேரும்போது எச்சம் இன்றும் பெயருக்கு ஏற்ப மாறுகிறது. 'தெங்கோ எஸ்கிரீத்தாஸ் தோஸ் கார்த்தாஸ்' என்றால், 'இரண்டு கடிதங்களை எழுதி வைத்திருக்கிறேன்' என்பது பொருள். கடிதம் பெண்பால், இரண்டு என்பதால் பன்மை. ஆகவே எச்சமும் பெண்பால் பன்மையாயிற்று.

இனி, சிறுவன் இடறி விழுந்த இடத்தைக் காண வேண்டும். 'ரொம்பேர்' என்பது 'ஏர்' குடும்பத்தைச் சேர்ந்த வினை. விதியின்படி 'ரொம்பீதோ' என்றே வர வேண்டும். ஆனால், வழக்கில் உள்ளது 'ரோத்தோ'. இவ்வாறு விதியை மீறி நிற்கும் எச்சங்கள் சில உள்ளன. எழுதுதலைக் குறிக்கும் 'எஸ்கிரிபீர்' என்பதற்கு 'எஸ்கிரீத்தோ'. திறத்தலைக் குறிக்கும் 'அப்ரீர்' என்பதற்கு 'அபியெர்த்தோ'. வைத்தலைக் குறிக்கும் 'பொனேர்' என்பதற்கு 'புவெஸ்தோ'. இறத்தலைக் குறிக்கும் 'மொரீர்' என்பதற்கு 'முவெர்த்தோ'. செய்தலைக் குறிக்கும் 'அஸேர்' என்பதற்கு 'ஏச்சோ'. சொல்லுதலைக் குறிக்கும் 'தெஸீர்' என்பதற்கு 'தீச்சோ'. அயல்நாட்டு மாணவர் இப்பட்டியலைக் கண்டு மனம் சோர்வர். மொழி தம்மை வருத்தவே இவற்றைப் படைத்தது என்றும் எண்ணுவர்.

உண்மை அதுவன்று. இவை இலத்தீன் மொழி விட்டுச்சென்ற எச்சங்கள். 'ரோத்தோ' என்பது இலத்தீனில் 'ருப்தும்' என்றிருந்தது. 'எஸ்கிரீத்தோ' என்பது 'ஸ்கிரிப்தும்' என்றிருந்தது. இவ்விரண்டிலும் பகரம் தேய்ந்து மறைந்தது. 'தீச்சோ' என்பது 'திக்தும்' என்பதிலிருந்தும், 'ஏச்சோ' என்பது 'ஃபக்தும்' என்பதிலிருந்தும் வந்தவை. இலத்தீனில் ககர ஒற்றும் தகரமும் இணைந்து நின்ற இடத்தில் ஸ்பானிய மொழி சகர ஒலியை ஏற்றது. இரவைக் குறிக்கும் 'நோச்சே', எட்டு என்னும் எண்ணைக் குறிக்கும் 'ஓச்சோ', பாலைக் குறிக்கும் 'லேச்சே' ஆகியவையும் அவ்வாறே பிறந்தவை. தமிழ்ப் பேச்சுவழக்கில் 'படித்த' என்பது 'படிச்ச' என்று ஒலித்தலை அறிந்தோர்க்கு, பல்லொலி நாவின் நடுப்பகுதிக்கு நகர்தல் புதுமையன்று.

விதிக்கு உட்பட்ட எச்சங்களும் இலத்தீன் வழி வந்தவையே. 'அமாத்தும்' என்பது 'அமாதோ' ஆயிற்று. 'தொர்மீத்தும்' என்பது 'தொர்மீதோ' ஆயிற்று. வல்லெழுத்து இரு உயிர்களுக்கு இடையே நின்று மென்மை அடைந்தது. தமிழில் 'அது' என்னும் சொல்லில் தகரம் எவ்வளவு மெல்லென ஒலிக்குமோ அவ்வளவு மெல்லென அங்கும் ஒலிக்கும். பலருடைய பேச்சில் அதுவும் கரைந்துபோய், 'ஆதோ' என்னும் இறுதி 'ஆவோ' என்றே செவியில் விழுகிறது. கல் உருண்டு மணலாவது போல, ஒலியும் மக்கள் நாவில் உருண்டு தேய்கிறது.

அங்ஙனமாயின், விதியை மீறிய சொற்கள் மட்டும் விதிக்கு அடங்காமல் நின்றது எவ்வாறு? அவை நாள்தோறும் பயன்படுவதே அதற்குக் காரணம். செய்தல், சொல்லுதல், காணுதல், வைத்தல், திறத்தல், உடைத்தல், இறத்தல் ஆகியவை இன்றி ஒருநாளும் கழிவதில்லை. எப்போதும் காதில் விழும் சொல்லை நினைவு தானே காத்துக்கொள்ளும். அரிதாக வழங்கும் சொல்லை நினைவு கைவிடும். அப்போது விதி வந்து அதன் இடத்தைப் பற்றிக்கொள்ளும். அடிக்கடி மிதிக்கப்படும் ஒற்றையடிப் பாதையில் புல் முளைப்பதில்லை. ஆள் நடமாட்டம் அற்ற பாதையைப் புல் மூடிவிடும். மொழியின் நிலையும் அத்தகையதே.

அவ்வாறு மூடப்பட்ட பாதைகள் சிலவற்றின் சுவடு இன்றும் தெரிகிறது. சமைத்தலைக் குறிக்கும் வினைக்குப் பழங்காலத்தில் 'கோச்சோ' என்னும் எச்சம் இருந்தது. இன்று 'கொஸீதோ' என்று விதிப்படி வழங்குகின்றனர். ஆயினும் 'பிஸ்கோச்சோ' என்னும் தின்பண்டத்தின் பெயரில் பழைய எச்சம் ஒளிந்துகொண்டிருக்கிறது. 'இருமுறை சமைத்தது' என்பதே அப்பெயரின் முதற்பொருள். துணிக்குச் சாயம் தோய்த்தலைக் குறிக்கும் வினையின் பழைய எச்சம் 'தீந்தோ'. எச்சத்தின் வேலையை இன்று 'தெஞீதோ' செய்கிறது. 'தீந்தோ' என்பதோ செந்நிறத் திராட்சை மதுவின் பெயரோடு ஒட்டி வாழ்கிறது. 'ஒன்றுமில்லை' என்னும் பொருள்தரும் 'நாதா' என்ற சொல்லின் கதை இவற்றினும் வியப்பானது. அது இலத்தீனில் 'பிறந்த பொருள்' என்று பொருள்பட்ட தொடரின் எஞ்சிய பகுதியாகும். பிறந்தது என்னும் எச்சம் இல்லாமையைக் குறிக்கும் சொல்லாக மாறியது! இன்று பிறந்தது என்று கூற வேண்டுமாயின், விதிப்படி 'நஸீதோ' என்பர்.

எச்சங்கள் பெயர்களாக மாறி உலகம் சுற்றியதும் உண்டு. பனி பெய்தது என்னும் பொருளுடைய எச்சம் 'நெவாதா'. தென் ஸ்பெயினில் பனிமுடி தரித்த மலைத்தொடருக்கு அப்பெயர் வழங்கியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் நெவாடா என்ற மாநிலமும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. நிறம் ஊட்டப்பட்டது, சிவந்தது என்னும் பொருளுடைய எச்சமே கொலராடோ. பொன் பூசப்பட்டவன் என்பது 'எல் தொராதோ'. பொற்றுகளை உடலெங்கும் பூசி ஏரியில் நீராடிய தென்னமெரிக்கத் தலைவன் ஒருவனைப் பற்றிய செய்தி பொன்னாசை கொண்டோரை மயக்கியது; அவர்கள் காடுகளில் அலைந்து மாண்டனர். படைக்கலம் பூட்டப்பட்டது என்னும் பொருளுடைய 'அர்மாதா', 1588ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மீது ஏவப்பட்ட கப்பற்படையால் வரலாற்றில் நிலைத்த பெயராயிற்று.

இல்லத்தினுள்ளும் எச்சங்கள் நிறைந்துள்ளன. உண்ணப்பட்டது 'கொமீதா', அதுவே உணவின் பெயர். குடிக்கப்பட்டது 'பெபீதா'; அதுவே பானத்தின் பெயர். நீரில் நீந்தும் மீனுக்குப் பெயர் 'பேஸ்'. அதுவே வலையில் அகப்பட்டுச் சந்தைக்கு வந்தால் 'பெஸ்காதோ', அதாவது பிடிக்கப்பட்டது. வீட்டைக் குறிக்கும் 'காஸா' என்னும் சொல்லிலிருந்து மணம் செய்தலைக் குறிக்கும் வினை தோன்றியது. மணமானவன் 'கஸாதோ' எனப்படுகிறான். இல்லறம் என்னும் தமிழ்ச்சொல்லைப் போலவே, அச்சொல்லும் இல்லத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

இவ்வெச்சத்தின் இயல்பை முதன்முதலில் நுணுகி ஆராய்ந்தவருள் ஒருவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா என்னும் அறிஞர். 1492ஆம் ஆண்டில் சாலமாங்கா நகரில் அவர் தம் தாய்மொழிக்கு இலக்கணநூல் வெளியிட்டார். இலக்கணம் என்றாலே இலத்தீனுக்கு உரியது என்று கற்றோர் கருதிய காலம் அது. மக்கள் பேசும் மொழிக்கு இலக்கணம் எதற்கு என்று இசபெல் அரசியே வினவியதாக அவர் தம் நூலின் முகவுரையில் குறித்துள்ளார். துணைவினையோடு சேர்ந்து, பாலும் எண்ணும் ஏலாது நிற்கும் எச்சத்தை அவர் கூர்ந்து நோக்கினார். இலத்தீன் இலக்கணத்தில் அதற்கு இடமில்லை என்பதை உணர்ந்தார். ஆகவே, அதனைத் தனியொரு சொல்வகையாகவே கொண்டு அதற்குப் புதுப்பெயரும் சூட்டினார். அயல்மொழியின் அளவுகோலைக் கொண்டு தாய்மொழியை அளவாமல், தாய்மொழியைக் காதால் கேட்டு விதி வகுத்த செயல் அது.

பிற்காலத்தில், 1713ஆம் ஆண்டில், ஸ்பானிய அரசக் கழகம் என்னும் மொழி அமைப்பு தோன்றியது. அதன் இலக்கணநூல் 1771ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. இக்கழகமும் மக்கள் வழக்கைப் புறக்கணிக்கவில்லை. பொரித்தல், அச்சிடுதல் ஆகிய வினைகளுக்கு விதிப்படி அமைந்த எச்சம் ஒன்றும், இலத்தீன் வழி வந்த எச்சம் ஒன்றுமாக இவ்விரண்டு வடிவங்கள் வழங்குகின்றன. இரண்டும் ஏற்கத்தக்கனவே என்பது அதன் முடிவு. எனினும், பொரித்த உருளைக்கிழங்கு பழைய வடிவமாகிய 'ஃபிரீத்தாஸ்' என்னும் பெயரையே விடாது பற்றிக்கொண்டிருக்கிறது. புதிதாகத் தோன்றும் வினைகளோ ஐயத்திற்கு இடமின்றி விதிக்கே அடங்குகின்றன. இணையத்தில் கீச்சிடுதலைக் குறிக்கும் 'துயித்தெயார்' என்னும் வினை 2014ஆம் ஆண்டில் வெளிவந்த கழக அகராதியில் இடம்பெற்றது. அதன் எச்சம் 'துயித்தெயாதோ' என்பதை எவரும் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை.

சிறுவனின் நாவுக்குச் சொல் வந்த வழி இப்போது புலப்படும். அவன் 'கொமீதோ', 'தொர்மீதோ' முதலிய எத்தனையோ எச்சங்களைக் கேட்டிருக்கிறான். அவற்றினூடே ஓடும் விதியை எவரும் சொல்லாமலே அவன் உள்ளம் கண்டுகொண்டது. கண்ட விதியைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்த்தது. ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் ஜீன் பெர்க்கோ என்னும் அம்மையார் நடத்திய ஆய்வு 1958ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகில் இல்லாத சிற்றுயிர் ஒன்றை வரைந்து, அதற்கு ஒரு பெயரும் இட்டு, அவை இரண்டாயின் எவ்வாறு கூறுவது என்று அவர் வினவினார். முன் ஒருபோதும் கேட்டிராத அப்பெயருக்குக் குழந்தைகள் முறையாகப் பன்மை கூறினர். குழந்தை மொழியைக் கிளிபோல் ஒப்பிப்பதில்லை. விதியை உய்த்துணர்ந்து ஆள்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

ஆகவே, 'ரொம்பீதோ' என்பது அறியாமையின் விளைவு அன்று, அறிவின் வளர்ச்சி. கிளிக்கு அப்பிழை நேராது. கேட்டதை மட்டுமே கூறும் கிளி 'ரோத்தோ' என்றே கூறும். எண்ணிப் பார்க்கும் மனிதக் குழந்தைக்கே அப்பிழை உரியது. சில ஆண்டுகளில் அவனே 'ரோத்தோ' என்று கூறத் தொடங்குவான். விதி உள்ளவற்றை விதியால் அறிதலும், விதி இல்லாதவற்றைப் பெரியோர் வழக்கால் அறிதலும் ஆகிய இரண்டும் அவனுக்குக் கைவரும்.

இனி அச்சமையலறைக்கு மீளலாம். தாய் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்குகிறாள். சிறுவன் சற்று எட்ட நிற்கிறான். அவன் வேறொரு வகையாகவும் கூறியிருக்கலாம். 'குவளை உடைந்துவிட்டது' என்று கூறுதற்கு ஸ்பானிய மொழியில் இனிய தொடர் உண்டு. கைதவறி ஏதேனும் உடைந்தால் பெரியோர் பெரும்பாலும் அத்தொடரையே ஆள்வர். தமிழிலும் உடைந்தது என்பது வேறு. உடைத்தேன் என்பது வேறு. முன்னதில் பொருள் தானே கெட்டது போலும். பின்னதில் செய்தவன் முன்வந்து நிற்கிறான். அச்சிறுவன் எளிய வழியை நாடவில்லை. உடைத்தேன் என்றே கூறினான். அவன் இறுதிச்சொல்லில் பிழை இருந்தது. கூற்றில் பிழை இல்லை.

தாய் அதனை உணர்ந்தவள். ஆதலின், அவள் அவனைக் கடியவில்லை. அவன் சொல்லைக் கண்டு நகைக்கவும் இல்லை. ஒருமுறை திருத்தினாள், அவ்வளவே. பிழைக்கு அஞ்சி வாய் மூடப் பழகும் குழந்தை, உண்மையையும் உள்ளே மூடிவைக்கப் பழகிவிடும். சொற்பிழை நாளடைவில் தானே திருந்தும். மறைக்கும் பழக்கம் அத்துணை எளிதில் திருந்தாது.

பெருக்கி முடித்தபின் அவள் அவனை அருகில் அழைக்கிறாள். "என்ன செய்தாய்? மீண்டும் சொல்" என்கிறாள். அவன் சிறிது எண்ணிப் பார்க்கிறான். "ஏ ரோத்தோ எல் வாஸோ" என்கிறான். அன்னை அவன் தலையை வருடுகிறாள். உடைந்த குவளை போயிற்று. ஈராயிரம் ஆண்டுகளாக வாய்வழி வந்த ஒரு பழஞ்சொல் மேலும் ஒரு தலைமுறைக்குச் சென்று சேர்ந்தது.